ஹலினாம்மாவின் இசைக்கவை

ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் போதும் ஐயா, காபி வேண்டாம். நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எதையும் வாயில் வைப்பதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும் போலிருக்கிறது, அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அப்படியொன்றும் பெரிய விஷயம் இல்லை.

பெயர் சக்கரவர்த்தி. தகப்பனார் பெயர் தருமன். வயது நாற்பத்தெட்டு. கடலைக்கடை மூலைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அப்பா ஆரம்பித்தது. கல்யாணம் ஆகவில்லை. தங்கை சரோஜாவும் நானும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம். கடை வேலையோடு நாடகக் கம்பெனிகளுக்கு வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். ராஜா அழுதால் ஒரு மாதிரி, ராணி அழுதால் ஒரு மாதிரி இழுக்க வேண்டும். முப்பத்துநாலு வயது வரைக்கும் என் வயலின் அதற்குத்தான் பயன்பட்டது. கேட்பவர்கள் மேடையைப் பார்ப்பார்களே தவிர, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதைப்பற்றி எனக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஹலினாம்மா இந்த ஊருக்கு வந்தது எழுபத்தொன்றில். சொந்த ஊர் போலந்து. யுத்த காலத்தில் பன்னிரண்டு வயதில் அகதிப் பெண்ணாக வந்து, கோலாப்பூர் பக்கம் முகாமில் வளர்ந்து, பிறகு குன்னூரில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டவர். அவர் இறந்துபோனதும் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று செங்கம் ரோட்டில் வீடு எடுத்தார். பியானோ லாரியில் வந்து இறங்கியது. இறக்கும்போது ரோட்டில் பாதி ஊர் நின்றது. இங்கே வெயிலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு சித்திரை தாங்கவில்லை, கம்பிகள் எல்லாம் தளர்ந்துவிட்டன. மெட்ராஸிலிருந்து ஆள் வர மறுத்துவிட்டான். ஆர்மோனியக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி என்னைக் கூட்டிப்போனார்கள். பியானோவுக்குள் இருநூறுக்கும் மேலே கம்பிகள். மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து மாதம் ஒருமுறை சுருதி கூட்டுவது என் வேலையாகிவிட்டது.

சுருதி கூட்டுவதற்கு அவர் ஒரு இசைக்கவை வைத்திருந்தார், தட்டினால் எப்போதும் ஒரே சுரம் சொல்கிற இரண்டு கால் இரும்பு. இப்போது உங்கள் மேஜைமேல் இடப்பக்கம் இருக்கிறதே, அதுதான். அவருடைய அப்பா சங்கீத வாத்தியார். ஒரே மாதிரி இரண்டு கவை வைத்திருந்தாராம். யுத்தத்தில் ரஷ்யக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோனபோது ஒன்று மகனிடம் போனது, ஒன்று மகளிடம். ஹலினாம்மாவையும் அவருடைய அம்மாவையும் சைபீரியாவுக்கு ரயிலில் ஏற்றினார்கள். அந்த அம்மா இதை மகளுடைய காலுறைக்குள் வைத்துக் கட்டிவிட்டாள். அம்மா வழியிலேயே போய்விட்டாள். அப்பா என்ன ஆனார் என்று தெரியாது. போட்டோ ஒன்று கிடையாது. மிச்சம் இருந்தது இந்த இரும்புதான்.

தினம் காலையில் இதை முழங்காலில் தட்டி, காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, "எங்க அப்பா பேசறாரு" என்பார்.

அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சங்கீதத்தில் சட்ஜமத்தை எங்கே வைத்துக்கொண்டாலும் அது சட்ஜமம்தான். தொண்டை கட்டியிருந்தால் பாடகர் அரைக் கட்டை இறக்கிக்கொள்வார், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். அவருக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு இடம், ஒரு பெயர். பஸ் ஹாரன், குக்கர் விசில், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, எதைக் கேட்டாலும் உடனே இன்ன சுரம் என்று சொல்வார். பியானோவில் தொட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். கண் அவருக்குச் சிறுவயதிலேயே மோசம், சோடாபுட்டிக் கண்ணாடி. காதை வைத்துத்தான் உலகத்தில் நடமாடினார் என்று சொல்லலாம்.

ஒருநாள் வேலை முடித்ததும், உங்க வயலினைச் சும்மா வாசிச்சுக் காட்டுங்க என்றார். வாசித்தேன். அப்புறம் எனக்கு அவர்கள் நோட்டேஷனைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். எழுபத்துமூன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து கச்சேரி செய்தோம். அவர் பியானோ, நான் வயலின். முழுக்க முழுக்கப் போலந்து நாட்டுச் சங்கீதம். வருஷத்தில் நாலைந்து கச்சேரி இருக்கும். வீட்டு ஹாலில் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு, பாண்டிச்சேரியில் ஒன்று, மெட்ராஸில் ஒன்று. கோட்டுப் போட்டுக்கொண்டு போவேன். அழைப்பிதழில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கும்.

மசூர்கா என்று அவர்கள் ஊர் நடனப் பாட்டு ஒன்று. மூன்று மூன்றாக எண்ண வேண்டும், ஆனால் அழுத்தம் நாம் நினைக்கிற இடத்தில் விழாது. மெதுவான மசூர்கா ஒன்றில் ஓரிடத்தில் பியானோ நின்றுவிடும். வயலின் உள்ளே வரும்வரைக்கும் அவர் இரண்டு கையையும் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் காத்திருப்பார். ஹாலில் எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் கடையில் ஆர்மோனிய ரீடு சுரண்டினேன். காதல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா, அது இல்லை. என்னை ஒருவர் காத்திருந்து பார்த்தார், அவ்வளவுதான். ஒத்திகையைச் சரியாக ஐந்தரைக்கு நிறுத்திவிடுவார். "போங்க, வெளிச்சம் இருக்கறப்பவே சாப்பிடணும் நீங்க" என்பார். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட மறந்ததில்லை.

எண்பத்துநாலு பொங்கலுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. அவருடைய அண்ணன் போலந்தில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்தில் இருந்தார். தங்கைக்கும் அங்கே வேலை சொல்லி வைத்திருந்தார். செப்டம்பரில் வந்து சேரச் சொல்லியிருந்தார்.

"சக்கரவர்த்தி, நான் ஊருக்குப் போறேன்."

"எப்பங்கம்மா திரும்புவீங்க?"

"திரும்பி வர்றதுக்குப் போகல."

என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்காகக் கவலைப்படாதீங்க. அங்க நல்ல நல்ல வயலின்காரங்க இருக்காங்க."

எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் நாடகக் கொட்டகையில் ஓரமாக உட்கார்ந்து ராணி அழுகிறதற்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் கோபப்படவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் அது தப்பு.

அந்தப் பங்குனியில் ஹலினாம்மாவுக்குப் பியானோவின் சுருதி இறங்கிப்போன மாதிரி பட்டது. வெயிலாக இருக்கும் என்று கவையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். கவையும் பியானோவும் ஒன்றாகத்தான் இருந்தன. சித்திரையில் இன்னும் கொஞ்சம் இறங்கியதாகப் பட்டது. மறுபடியும் தட்டிப் பார்த்தார், மறுபடியும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்த மதார் சாகிப் ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னா நயினாரே, பொட்டி கொஞ்சம் எறங்கிப் போச்சா? தெனம் மிசின்ல குந்திக்கினு கேக்கறேன், என்னமோ சோம்பலா கீது."

ஹலினாம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. வேறு ஒருவருக்கும் அப்படிக் கேட்கிறது என்றால் தப்பு தன் காதில் இல்லையே.

"கவையோட சரியா இருக்குங்க பாய். நீங்களே வந்து கேளுங்க" என்றேன். அவர் உள்ளே வந்து கேட்டுவிட்டு, "ஆமாமா, ரெண்டும் ஒண்ணாதான் கீது. மிசின் சத்தத்துல என் காதுதான் பூட்சி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஹலினாம்மா சிரிக்கவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை ஐயா. கவையோடு சரியாகத்தான் இருந்தது. ஆர்மோனியத்தில் ஒரு ரீடு ஏறியிருந்தால் அதன் வேர்ப்பக்கம் சுரண்ட வேண்டும், இறங்கியிருந்தால் நுனிப்பக்கம். கவைக்கும் அதே கணக்குதான். இரண்டு கால்களும் சேர்கிற மடியில் சின்ன அரத்தை விட்டால் ஒலி இறங்கும். ஹலினாம்மா தினமும் மூன்று மணிக்கு ஆசிரமத்துக்குப் போய் நாலரைக்குத் திரும்புவார். சுருதி கூட்டுகிற நாளில் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும். மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் ஒரு இழைதான். அரம் பட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெயில் கரி குழைத்துத் தடவிவிடுவேன். பிறகு பியானோவைக் கவைக்குச் சரியாக இறக்குவேன், வயலினைப் பியானோவுக்கு இறக்குவேன். எதுவும் ஒன்றுக்கொன்று பிசகியதே இல்லை. மொத்தத்தில் அரைச் சுரம்கூட இறங்கியிருக்காது. அவ்வளவு சுத்தமாக நான் எந்தப் பெட்டிக்கும் சுருதி கூட்டியதில்லை.

தன் காது போய்விட்டது என்று நினைத்தால் வேலைக்குப் போகத் துணியமாட்டார், இங்கேயே இருந்துவிடுவார், நாங்கள் எப்போதும் போல வாசித்துக்கொண்டிருப்போம். என் எண்ணம் இவ்வளவுதான். நமக்கு ஒரு கட்டை இறங்கினால் என்ன ஆகிறது, ஒன்றும் ஆவதில்லை. அவருக்கும் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். அது மட்டும் என் கணக்கில் பிசகிவிட்டது.

ஆனி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்து மணி அடித்தபோது பியானோவில் ஒரு கட்டையைத் தொட்டார். பிறகு அடுத்த கட்டையைத் தொட்டார். மணி இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது.

"ஸ்கூல்ல மணிய மாத்திட்டாங்களா?"

"இல்லைங்கம்மா. அதே தண்டவாளம்தான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நேத்து அந்தப் பக்கம் போனேங்க. அதேதான்."

இதுவும் உண்மை. மணி மாறவில்லை, அப்பாவின் கவை மாறாது, பியானோ கவையோடு நிற்கிறது. மிச்சம் இருப்பது அவருடைய காது ஒன்றுதான். மணியை மாற்றிவிட்டார்கள் என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

வேலூருக்குக் காது டாக்டரிடம் போய்வந்தார். நானும் கூடப் போனேன். காது நன்றாக இருக்கிறது, வயதுக்கு மிக நன்றாகவே இருக்கிறது என்று சீட்டு எழுதிக்கொடுத்தார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது, "அப்ப காது இல்ல, மண்டைதான் போச்சு" என்றார். கண்ணமங்கலம் தாண்டியதும் இன்னொன்றும் சொன்னார்: "காலையில தட்டினா அப்பா இல்ல சக்கரவர்த்தி. அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு வேற யாரோ வந்து நிக்கறாங்க."

ஆகஸ்டில் அண்ணனுக்கு வரமுடியாது என்று எழுதினார். அந்தக் கவரைத் தபாலில் சேர்த்தது நான்தான். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அவர் வாசிக்கவில்லை. இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்த்தார். மசூர்காவில் அந்த இடம் வந்தது, கையைத் தூக்கினார். நான் உள்ளே வந்தேன். அவர் கை கீழே இறங்கவே இல்லை. கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் பியானோவை மூடி, மேலே துணி போட்டு, பூந்தொட்டி வைத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வாத்தியங்கள் சேர்ந்து ஒலித்ததில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோரிடமும் காது போச்சு, காது போச்சு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்ததால், பியானோக்காரம்மா செவிடு என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கோ ஊசி விழுந்தால் கேட்கும். கேட்டதை நம்பத்தான் முடியவில்லை. காக்கை கத்தினால் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் காக்கை. சைக்கிள் பெல் கேட்டால் பார்ப்பார். தலையாட்டினால் ஒதுங்குவார். நான் தலையாட்டாவிட்டால் அது மண்டைக்குள் கேட்ட சத்தம் என்று விட்டுவிடுவார். முதலில் எனக்கு இது சங்கடமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. ஒரு சத்தம் வரும், அவர் நின்று, என்னைப் பார்த்துக் காத்திருப்பார். மசூர்காவில் காத்திருந்த மாதிரியேதான்.

போன மாதம் ஹலினாம்மாவின் அண்ணன் மகள் ஈவாவிடமிருந்து கடிதம் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளே, அந்தப் பெண். அப்பா இறந்துவிட்டார், தாத்தாவுடைய இன்னொரு கவை என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு மார்ச்சில் வருகிறேன், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள். ஹலினாம்மா அண்ணனுக்காக அழுதார். அழுது முடித்ததும், பதினெட்டு மாதத்தில் முதல் தடவையாக, முகம் தெளிந்தது.

"ரெண்டையும் ஒண்ணாத் தட்டிப் பாக்கணும். அப்ப தெரிஞ்சுடும்" என்றார்.

"ஆமாங்கம்மா, தெரிஞ்சுடும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். சரோஜா சமையல் அவருக்குப் பிடிக்கும். நான் போய்க் கூட்டிவருவேன். ரோட்டு வழியாக வந்தால் சுற்று என்று ஸ்டேஷனுக்குத் தெற்கே தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற ஒற்றையடிப் பாதையில் வருவோம். அங்கே வளைவு, வேலிக்காத்தான் புதர், வண்டி கிட்டத்தில் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். போன மாதம் இருபத்துமூன்றாம் தேதியும் அப்படித்தான் வந்தோம். நான் முதலில் கடந்து அந்தப் பக்கம் நின்றேன். அவர் இன்னும் கடக்காமல் ஜல்லி ஓரத்திலேயே நின்றார். பகல் பாசஞ்சர் விசில் கொடுத்தது. நன்றாகக் கேட்டது.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"வண்டியா சக்கரவர்த்தி?"

நான் மலையைப் பார்த்தேன். அன்றைக்கு உச்சியில் மேகம் இல்லை, தெளிவாக இருந்தது. தலையாட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது, மசூர்காவில் ஒரு பார், மூன்று எண்ணுகிற நேரம் இருக்கலாம். பிறகு தன்னைத்தானே கடிந்துகொள்கிற மாதிரி லேசாகச் சிரித்தார். குடையை ஊன்றிக்கொண்டு தண்டவாளத்தில் கால் வைத்தார்.

அன்றைக்கு உங்கள் ஏட்டு வந்து அந்த அம்மாளுக்குக் காது எப்படி என்று கேட்டார். காது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். சொல்லிக்கொண்டுதானே இருந்தார். காது மந்தத்தால் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். வேலூர் டாக்டர் சீட்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை இந்தப் பெண் ஈவா அத்தையின் பெட்டியிலிருந்து கண்டெடுத்திருக்கிறாள். நேற்றுக் கடைக்கு வந்து அத்தையின் கவையைக் கேட்டாள். அவர் போனதிலிருந்து அது என்னிடம்தான் இருந்தது, உடனே எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் என் பட்டறை மேலேயே தட்டினாள். இரண்டு ஒலியும் சேராமல் அலை அலையாக நெளிந்தன. அவள் அத்தை கவையைத் திருப்பி மடியில் விரலை வைத்துத் தடவினாள். பாட்டுக்காரக் குடும்பத்துப் பெண், விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அம்மாளை நீ கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவரிடம் ஒரே ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே வரும்போது நீங்கள் அந்த இரண்டையும் மேஜையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கேட்டேன். இடப்பக்கம் இருப்பது சரியாக இருக்கிறது. அந்தப் பெண் கொண்டுவந்ததுதான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கடையிலிருந்து என் சின்ன அரத்தை எடுத்துவரச் சொல்லுங்கள், பொழுது சாய்வதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுகிறேன்.